மூன்று டீயின் நேரம்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் டீக்கடை வைத்திருந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் நோட்டோடு வந்தார். குள்ளமானவர். கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். இதயம் நின்று யாராவது விழுந்தால், பிழைத்தாலும் போனாலும், விழுந்த இடத்துக்கே வந்து விசாரித்து எழுதுவது அவர் வழக்கம்.

முந்தின வாரம் என் கடை வாசலில் பிரெஞ்சு சர்க்காரிடம் பென்ஷன் வாங்கும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் விழுந்தார். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைக் கொடுத்தார்கள், சோடா தெளித்தார்கள். பிறகுதான் கோட்டுச்சேரிமேட்டு மீனவர் ஒருவர் ஓடிவந்து நெஞ்சை அமுக்கினார். பென்ஷன்காரர் பிழைத்துக்கொண்டார்.

"விழுந்து எவ்வளவு நேரங் கழிச்சு அமுக்குனாங்க?"

"எங்கிட்ட கடிகாரம் இல்லீங்கம்மா."

"அவர் அமுக்க வர்ற வரைக்கும் நீங்க என்ன செஞ்சுகிட்டிருந்தீங்க?"

எனக்கு முகம் சுட்டது. பொய் சொல்லியிருக்கலாம்.

"டீ போட்டுகிட்டிருந்தேன். மூணு டீ."

"நல்லதாப் போச்சு! இப்ப மூணு போடுங்க, பாப்போம்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். கடையே சிரித்தது. நான் வேகவேகமாக ஆற்றினேன்.

"அண்ணே, அன்னிக்கிப் போட்ட மாதிரியே போடுங்க. நீங்க வெக்கப்பட்டு நேரத்தக் கொறச்சா, அடுத்து விழுறவர எப்படிப் பொழைக்க வக்கிறது?"

மெதுவாகப் போட்டேன். எழுதிக்கொண்டார். மூன்றையும் அவரே குடித்தார். பிறகு சர்க்கரை மூட்டையைக் கீழே கிடத்தி, நெஞ்சை அமுக்கும் விதத்தைக் காட்டினார். நான் அமுக்கியதில் மூட்டையின் தையல் விட்டுவிட்டது.

அவர் சிரித்தபடி அதற்கும் நோட்டில் ஏதோ எழுதினார். நான் சிந்திய சர்க்கரையை அள்ளத் தொடங்கினேன்.