அம்மா பார்க்கக் கேட்ட கறுப்புத் தொப்பி

1. ரகசிய ஓடர்

தொப்பி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அரச குடும்பத்துக் கதைதான் கேட்பார்கள். இறகும் பூவும் வைத்த கல்யாணத் தொப்பிகளைப் பற்றிச் சொல்வேன் என்று ஆசையாகக் குந்துவார்கள். என் நினைவில் நிற்பதோ ஒரு கறுப்புத் தொப்பி.

மத்திய லண்டனில் ஒரு தொப்பிக் கடையின் வேலைத்தளத்தில் நான் மூத்த தையற்காரி. ஒருநாள் முதலாளி ஹெலன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"ஐரோப்பாவில இருந்து ஒரு இளவரசி வாறா. கறுப்பு ஃபெல்ட் கம்பளித் தொப்பி, முகத்துக்கு வலை. வெளியில மூச்சு விடக்கூடாது."

"ஆர் செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை. அவவின்ர அம்மாவுக்கு வருத்தம் கடுமை."

அந்தக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். சாவுச் செய்தி வந்த கையோடு கமராக்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆகவே துக்க உடுப்பு முன்கூட்டியே தயாராக இருக்கும். எங்கள் வீடுகளில் ஆள் உயிரோடு இருக்கும்போது அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்.

அதுவும் அந்த நேரத்தில். ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு முன்னறையில் என் கணவர் புற்றுநோயோடு கட்டிலில் கிடந்தார். இனி மருந்தில்லை என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டார், நான்தான் மாட்டேன் என்று நின்றேன்.

"இஞ்சாரும், எனக்குக் கோட் சூட் போட்டு அனுப்பிப்போடாதேயும். பட்டுவேட்டிதான் கட்டவேணும்," என்று தொடங்குவார்.

"வாயைக் கழுவுங்கோ! விசர்க்கதை கதையாதேங்கோ," என்று சீறிவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

2. ஃபிட்டிங்

தொப்பி செய்யும் மரத் தலையில் எவ்வளவு அழகாக இருந்தாலும், போடுகிறவரின் தலையில் வைத்துப் பார்க்காமல் நாங்கள் எந்தத் தொப்பியையும் அனுப்புவதில்லை. இளவரசி வந்தார். தொப்பியை வைத்து, வலையை மூக்கு நுனிவரை இறக்கி ஊசி குத்தினேன்.

"அம்மா இதைப் பாக்கவேணுமாம்," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. "நான் கோபிச்சுப்போட்டன். அவ ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. ஒரு படம் எடுத்துத் தாறீங்களா?"

அவருடைய போனில் எடுத்தேன். துக்கத் தொப்பியோடு, அம்மாவுக்காக, அந்தப் பெண் சிரித்தார்.

3. வேட்டி

வேலை முடிந்து நேரே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சீலைக்கடைக்குப் போய்ப் பட்டுவேட்டி கேட்டேன்.

"கலியாண வீடோ அக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஓம்," என்றேன்.

வீட்டில் பையைக் கட்டிலில் வைத்தேன். அவர் வேட்டியை வெளியே எடுத்துக் கரையைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பகிடியை விடவில்லை.

"ஃபிட்டிங் பாக்காமல் ஒண்டும் அனுப்பமாட்டம் எண்டு பெருமை அடிப்பீரே. எனக்கு மட்டும் இல்லையோ?"

எழுப்பி இருத்தி, இடுப்பில் சுற்றினேன். மெலிந்த இடுப்பு, ஒரு சுற்றுக் கூடவே வந்தது. அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் சொன்னார். யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், எந்தப் படம் வைக்க வேண்டும், தனியாக நான் எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை. நான் குசினிக்குப் போகவில்லை.

இளவரசியின் தாய்க்கு முன்னரே அவர் போய்விட்டார். வேட்டியை நானே கட்டிவிட்டேன். எங்கே மடிக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகள் தொழிலில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். போகப்போகிறவர் பேச வந்தால், பக்கத்தில் இருந்து கேளுங்கள்.