சாம்பல் நிற ஸ்பீக்கர்

இது இட்டுக்கட்டிச் சொன்ன கதை இல்லை. டோன்கா என் வீட்டுக்கு நேர் மேல் வீடு. அவள் நாத்தனார் கின்காவும் கூடவே இருந்து கேட்டிருக்கிறாள். இரண்டு பேரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். நிமிஷக் கணக்குகூட மாறவில்லை.

ரூசே ஊரில், ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி எங்கள் குடியிருப்பு. வாசல் கதவில் ராய்கோவின் படம் போட்ட இரங்கல் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. ராய்கோ டோன்காவின் கணவர். பிப்ரவரி பதினொன்றாம் தேதி சாயங்காலம் போனார். அப்போது டோன்கா சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ சத்தமாகப் பாடியது. அவளும் கூடப் பாடினாள். 4.38க்குக் காபியோடு அடுத்த அறைக்குப் போனபோது அவர் தரையில் கிடந்தார்.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிருக்கும். வலியே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் டோன்கா ஏழு மாதம் ஓட்டினாள். ரேடியோவை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு பாட்டு இல்லை.

மகன் பிளாமென் ஜெர்மனியில். செப்டம்பரில் அவன்தான் பிடிவாதம் பிடித்தான். "அம்மா, உன்கிட்ட பேசினா சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு. நல்லதா ஒரு ஸ்பீக்கர் வாங்கி வை. நான் இங்கருந்தே பாட்டு போட்டு விடறேன். விலையைப் பார்க்காத."

கடைக்காரன் இவைலோ கடைசியில் இரண்டைத் தேர்ந்து மேஜையில் வைத்தான். இரண்டுமே ஒயர் இல்லாதவை, உசத்தியானவை. ஒன்று கறுப்பு, உயரம். இன்னொன்று சாம்பல் நிறத் துணி சுற்றியது. உருண்டை ரொட்டி மாதிரி இருந்தது.

"இங்க கேட்டு முடிவு பண்ணாதீங்கம்மா. உங்க வீட்டுச் சுவத்துல பட்டு எப்படி வருதுங்கறதுதான் கணக்கு. ரெண்டையும் கொண்டு போங்க. வெள்ளிக்கிழமை ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க."

செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நான்கு மணி. பிளாமென் போனில் வழி சொல்லச் சொல்ல, முதலில் கறுப்பைப் பாட வைத்தாள். அடேயப்பா! அலமாரியில் கண்ணாடிக் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. பாடகி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. டோன்காவுக்குப் பொல பொலவென்று கண்ணீர் கொட்டியது. அதை நிறுத்தினாள். சாம்பலின் தலையில் விரலை வைத்தாள்.

மணி 4.19.

பாட்டு வந்தது. ஆனால் எங்கோ தள்ளி வந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"அடுத்த ரூம்ல பாடற மாதிரி இருக்குடா. நடுவுல ஒரு சுவர் இருக்கற மாதிரி."

"அப்ப அது வேண்டாம். கறுப்பையே எடுத்துடு."

சரி என்றுதான் அவளும் சொன்னாள். ஒன்றுதான் இடித்தது. பாடகியின் குரலுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணும் பாடினாள்... சுருதி சேராமல். இதையெல்லாமா பதிவு செய்து விற்பார்கள்?

4.38க்குத் தானாக நின்றது.

புதன்கிழமை. டோன்கா பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். மேல் வீடு, கீழ் வீடு எங்கும் குளிர்காலத்துக்காக மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை தெருவையே தூக்கியது.

உள்ளே பேச்சுக் குரல்.

போனாள். கறுப்பு சும்மா இருந்தது. சாம்பல் பேசிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

மணி 4.19.

ரேடியோ அறிவிப்பாளர் குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "...இரவும் பனி தொடரும். பாலத்தில் வழுக்கல். ஓட்டுநர்கள் மெதுவாகச் செல்லவும்..."

ஜன்னலுக்கு வெளியே இருபத்தொன்பது டிகிரி.

பிறகு பாட்டு. அந்தப் பெண்ணும் கூடப் பாடினாள். மேல் ஸ்தாயிக்குப் போய், எட்டாமல், குரல் உடைந்து, சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு...

டோன்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அது அவள் சிரிப்பு.

ஒயரைப் பிடுங்கலாம் என்று பின்பக்கம் தடவினாள். ஒயர் இல்லை. கறுப்புக்குச் செருகிய சார்ஜரை இதற்கு அவள் செருகவே இல்லை.

4.38. நின்றது.

வியாழக்கிழமை கின்காவைக் கூப்பிட்டாள். ராய்கோவின் அக்கா. அறுபத்தாறு வயது, வாய் ஓயாதவள். ஒரு பாத்திரம் சுட்ட மிளகாயோடு வந்து சேர்ந்தாள்.

"ஏண்டி, ஒரு ஸ்பீக்கர் வாங்க ரெண்டு பேரா? மாப்பிள்ளையா பார்க்கறோம்? கறுப்பன் நெட்டையா நல்லாத்தான் இருக்கான். இந்தக் குண்டன் எதுக்கு?"

"உட்காருங்க அண்ணி. பேசாதீங்க."

"என்னடி மூஞ்சி இது?"

"மணி என்ன?"

"நாலு பதினெட்டு."

டோன்கா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

4.19.

தடால்.

கின்கா திரும்பிப் பார்த்தாள். அறையில் எதுவும் விழவில்லை. சத்தம் சாம்பலுக்குள்ளிருந்து வந்தது.

பிறகு ரேடியோ. தூரத்தில். பனி. பாலம். வழுக்கல்.

அப்புறம்... மூச்சு.

மூச்சு தூரத்தில் இல்லை. பக்கத்தில். துணியில் வாயை வைத்து விடுவதுபோல்.

கர்ர்... கர்ர்...

"டோன்கா..."

கின்காவின் வலக்கை நெற்றிக்குப் போனது. சிலுவை போட்டது.

"டோன்கா..."

சுவருக்கு அப்பால் எண்ணெய் பொரிந்தது. பாட்டு ஆரம்பித்தது. அந்தப் பெண் கூடப் பாடினாள். சந்தோஷமாக. சத்தமாக.

மூன்றாவது முறை கூப்பிட மூச்சு இழுத்தது. நின்றது. பாட்டைக் கேட்டது.

பிறகு ரொம்ப மெதுவாக...

"பாடறா..."

மூச்சு.

"...பாடட்டும்."

அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை.

மூச்சு மட்டும். நீண்டு... நீண்டு... இடைவெளி விட்டு...

4.31. 

4.34.

4.36க்கு அதுவும் இல்லை.

4.38. செருப்புச் சத்தம். கதவு. அந்தப் பெண் குரல், இந்த முறை பக்கத்தில்.

"ராய்கோ, காபி ஆறுது..."

நின்றது.

இரண்டு பெண்களும் எழுந்திருக்கவில்லை. மிளகாய்ப் பாத்திரம் மூடியபடியே இருந்தது.

"பதினேழு நிமிஷம்" என்றாள் டோன்கா. "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ளன்னாரே டாக்டர். பதினேழு நிமிஷம் அண்ணி. நான் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பாடிக்கிட்டு இருந்திருக்கேன்."

கின்கா தன் கையை விடுவித்துக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்: "உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்டி. அவனே சொல்லலை. ஆனா... இப்ப என்னால உன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. நான் போறேன்."

போய்விட்டாள். படியில் அவள் அழுதுகொண்டே இறங்கியதை நானே என் கதவைத் திறந்து பார்த்தேன்.

அன்று இரவு பிளாமென் போன் செய்தான். "என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?"

"சாம்பல்."

"அதுவா? சுவருக்கு அந்தப் பக்கம் பாடற மாதிரி இருக்குன்னியே!"

"இருக்கட்டும். எனக்கு அதுதான் வேணும்."

மகனிடம் அவள் காரணம் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "அன்னிக்கு அவர் தனியா கிடந்தார். இனிமே தினமும் நாலு பத்தொன்பதுக்கு நான் பக்கத்துல உட்கார்ந்துக்கலாம்னு நினைச்சேன். வேறென்ன செய்ய முடியும் என்னால?"

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கடைக்குப் போனாள். ஒரு பையில் கறுப்பு, ஒரு பையில் சாம்பல். கறுப்பை மேஜையில் வைத்தாள்.

"இதை எடுத்துக்கங்க. அதுக்கு பில் போடுங்க."

இவைலோவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "அம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். மன்னிச்சுக்கங்க. செவ்வாய்க்கிழமை அவசரத்துல மாத்தி வச்சுட்டேன். நிஜமானது இதோ உள்ள இருக்கு. நீங்க கொண்டு போனது ஜன்னல்ல பார்வைக்கு வைக்கறது."

"அப்படின்னா?"

"வெறும் கூடும்மா. உள்ள ஒண்ணும் கிடையாது. மூணு நாளும் சத்தமே வரலையேன்னு திட்டியிருப்பீங்க."

டோன்கா சாம்பலைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

அவள் நம்பவில்லை என்று நினைத்து அவன் கூட்டைக் கவிழ்த்தான். அடியிலிருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினான். ஒரு சின்ன மணல் பை மேஜையில் விழுந்தது. கனத்துக்கு வைத்தது. அவ்வளவுதான். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. எதுவுமே இல்லை.

கறுப்பைத்தான் கடைசியில் வாங்கினாள். கூட்டையும் கேட்டாள். இவைலோ விலை சொல்லாமல் கொடுத்துவிட்டான். இப்போதும் அது அவள் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அது பேசவில்லை. தினமும் 4.19க்கு அதன் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டாள்.

கடையில் நடந்த இன்னொன்றை அவள் இவைலோவிடம்கூடச் சொல்லவில்லை. திறந்து கிடந்த கூட்டுக்குள் அவள் கையை விட்டாள். சுற்றிலும் தடவினாள். மரம். பசை. வறண்ட தூசி. முன்பக்கத் துணிக்கு வந்தாள்.

ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, துணி ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாக.

"அம்மா?" என்றான் இவைலோ. "அம்மா, என்னாச்சு?"

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.