பப்பாசித் தோட்டத்தில் ஆண்களுக்கு இடமில்லை

எங்கள் மாதர் சங்கத்துக்குப் பப்பாசித் திட்டம் வந்தபோது நான் அக்கராயன் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து வந்த திட்ட அலுவலர் ஒவ்வொரு குழியிலும் மூன்று கன்று நடச் சொன்னார். பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. பூ நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டோடு ஒட்டியிருந்தால் பெண்.

“ஆண் மரம் காய்க்காது. தண்ணியும் பசளையும் வீண். பூத்த உடனை வெட்டிப் போடுங்கோ. இது பெண்களுக்கான திட்டம்” என்றார் அவர்.

பெண்கள் வெகுநேரம் சிரித்தார்கள். வெளியே மோட்டார் சைக்கிள்களோடு காத்திருந்த கணவன்மாருக்கு ஏனென்று விளங்கவில்லை.

நான் எழும்பி, “பத்துப் பெண் மரத்துக்கு ஒரு ஆணாவது நிக்கவேணும். மகரந்தம் இல்லாமல் காய் பிடிக்காது” என்றேன்.

சங்கத் தலைவி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “ரீச்சர், அது சோதினைக்குப் படிக்கிறது. இது திட்டம்.”

மரங்கள் பூத்தன. ஆண்களை வெட்டும் வேலை கணவன்மாருக்கே கிடைத்தது. என் கணவரும் கத்தியோடு போய் வெட்டிவிட்டு, அன்று முழுக்க என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

பெண் மரங்கள் வடிவாகத்தான் நின்றன. பூ வரும், மஞ்சளாகும், விழும். கண்ணூறு என்று தலைவி பூசணிக்காய் உடைத்தார். அலுவலர் பசளையை மாற்றச் சொன்னார். அதுவும் சரிவராதபோது நகரத்தில் ஒருநாள் பயிற்சி நடந்தது. மதியச் சாப்பாடு நன்றாயிருந்தது. பெண் தலைமைத்துவம் பற்றிப் பின்னேரம்வரை பேசினார்கள். பப்பாசி பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு ஒரு வீட்டு வளவில் மட்டும் காய் பிடித்திருப்பதாகக் கதை வந்தது. நாயாற்று மீன்பிடிக் குடும்பமொன்றிலிருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் முடித்து வந்த பெண்ணின் வளவு அது. அவர் மரத்துக்கு ஏதோ களவாகப் போடுகிறார் என்று தலைவிக்குச் சந்தேகம். என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார்.

குசினிக்குப் பின்னால் ஓர் ஆண் மரம் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நின்றது.

“இதை ஏன் வெட்டேல்லை?” என்று தலைவி கேட்டார்.

“உடுப்புக் காயப்போடுற கொடி இதிலைதானே அக்கா கட்டியிருக்கு. வெட்டினால் எங்கை கட்டுறது?”

தலைவி மரத்தைப் பார்த்தார், காய்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “சரி ரீச்சர், இப்ப என்ன செய்யிறது?”

அடுத்த நாள் காலை அந்த வளவில் சங்கமே கூடியது. ஆண் பூவைப் பிய்த்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவக் காட்டிக் கொடுத்தேன்.

“இதைப் பிள்ளையளுக்கு முன்னாலை செய்யலாமோ?” என்று தலைவி மெதுவாகக் கேட்டார்.

சில வாரங்களில் எல்லா வளவிலும் காய் தெரிந்தது. அலுவலர் படப்பிடிப்பாளரோடு வந்தார். அவர் வருவதற்கு முன்பே தலைவி நாலு வீட்டுச் சேலைகளை நனைத்து அந்தக் கொடியில் விரித்துவிட்டார். ஆண் மரம் முழுதாக மறைந்தது. பெண் மரங்களின் தனி முயற்சியால் கிடைத்த வெற்றி என்று அலுவலர் கமராவுக்கு முன்னால் பேசினார். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த போகத்துக்கு அவர் புது விதை கொண்டுவந்தார். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருக்கும் இனம். சந்தைக்காரருக்குப் பிடித்த நீளப் பழம் தரும்.

“அதெப்படி ரீச்சர், இரண்டும் ஒண்டிலை?” என்று தலைவி தன் வீட்டு விறாந்தையில் வைத்துக் கேட்டார்.

“அது ஆண் வழியிலை வந்ததுதான் அக்கா. ஆணைத் தீர்மானிக்கிற நிறமூர்த்தத்திலை, அதுதான் குரோமோசோமிலை, சின்ன மாற்றம். காய்க்கிற ஆணை அந்தக் காலத்துச் சனம் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்து விதைச்சிருக்கவேணும் எண்டு ஆராய்ச்சிக்காரர் நினைக்கினம். ஆனால் அதின்ரை விதையிலை மூண்டிலை ஒண்டு திரும்பப் பெண்ணாத்தான் வரும்.”

தலைவி திரும்பிப் பார்த்தார். அவருடைய கணவர் கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணி வரும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“காய்க்காததைக் காய்க்கப் பண்ணின அந்தச் சனம் ஒருக்கா எங்கட பக்கம் வரேலாதோ?” என்றார் தலைவி.

கணவர் பேப்பரைப் புரட்டினார்.