வியாழக்கிழமை வண்டி

கள்ளக்குறிச்சியில் நான் குடியிருந்த வீட்டுக்குள் மோட்டார் சைக்கிளை ஏற்ற வழியில்லை. வாசலை ஒட்டிச் சாக்கடை, அதற்கு மேல் மூன்று படி, படி முடிந்ததும் ஆள் ஒருக்களித்து நுழையும் நடை. எனவே வண்டி தெருவில்தான் நின்றது. நான்கு வருடம் நின்றது. நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன், அந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அதைப் பூட்டாமல் விட்டுவிட்டு நான் படியேறியதில்லை. அந்த ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவிர.

நான் அப்போது கால்நடை ஆய்வாளர். டாக்டர் இல்லை. ஆனால் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் நான் மாட்டு டாக்டர்தான். திருத்திச் சொல்லிச் சலித்துப்போய் விட்டுவிட்டேன். பக்கத்தில் சில இடங்கள் ஆளில்லாமல் காலியாகக் கிடந்ததால் அந்த ஊர்களையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். திங்கள் எலவனாசூர்கோட்டை, செவ்வாய் களமருதூர், வியாழன் மலைமேல் கரியாலூர். வண்டியின் பின்னால் மருந்துக்கு ஒரு பச்சைத் தகரப் பெட்டி இருந்தது. அதன் மூடியில் இந்த மூன்று கிழமைகளையும் ஊர்களையும் வெள்ளைப் பெயிண்டில் நானே எழுதியிருந்தேன். யாராவது வழியில் நிறுத்தி, "எங்க ஊருக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டால் பெட்டியைக் காட்டிவிட்டுப் போய்விடலாம்.

பூட்டும் முறை இது. முன்சக்கரம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எடுத்துப்போக நினைப்பவன் முதலில் பின்னால் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். ஹேண்டில் பூட்டு போட்டபின், சந்தையில் எருமை கட்ட வாங்கும் இரும்புச் சங்கிலியைச் சக்கரக் கம்பிகளுக்குள் விட்டு, மின்கம்பத்தைச் சுற்றி, ஒரு திண்டுக்கல் பூட்டால் பூட்டுவேன். பிறகு ஸ்பேனரை எடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பழைய துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். எல்லாவற்றுக்கும் நான்கு நிமிடம் ஆகும். எதிரே டீக்கடை வைத்திருந்தவருக்கு அந்த நான்கு நிமிடமும் தினசரிப் பொழுதுபோக்கு.

"இன்னா சார், அதுக்கு நாய் சங்கிலி போட்டுக்கினு இருக்கீங்க. கடிச்சிடுமா?"

"உங்க சைக்கிள் காணாமல் போகும்போது தெரியும்."

"என் சைக்கிள எவன் சார் எடுப்பான்? எடுத்தா அவன்தான் பஞ்சர் ஒட்டணும். உங்க வண்டியிலதான் டைம்டேபிள் வேற எழுதி வச்சிருக்கீங்க. பஸ்ஸுனு நெனச்சு எவனாவது ஏறி உக்காந்துடப் போறான்."

கனத்த உடம்பு, வேகமான வாய், நல்ல டீ. இவ்வளவுதான் அவர். நாங்கள் நண்பர்கள்.

எண்பத்தேழாம் வருடம் புரட்டாசி பிறந்தபோது, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. அந்த வாரத்தைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தும் இருக்கிறேன். என் நாட்குறிப்பில் இருப்பது அதன் ஒரு மூலை மட்டும். கிழக்கே போகும் சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. திங்களன்று எலவனாசூர்கோட்டை போக முடியவில்லை. மறுநாள் களமருதூரும் முடியாது என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. மேற்கே மலைக்குப் போகும் சாலை மட்டும் திறந்திருந்தது, ஆனால் பஸ் இல்லை. பெட்ரோல் பங்கும் மூடிக் கிடந்தது.

அன்று மாலை டீக்கடை முன்னால் தெருக்காரர்கள் கூடினார்கள். ஏதாவது கலவரம் வந்தால் தெருவில் நிற்கும் வண்டிகளை அவசரமாகத் தள்ளிப்போய் அரிசி ஆலை முற்றத்தில் விட்டுவிடுவது, அதற்காக எல்லோரும் சாவியை டீக்கடையில் கொடுத்து வைப்பது என்று முடிவானது. எல்லோரும் என் சங்கிலியைப் பார்த்தார்கள்.

"உங்க வண்டிய கம்பத்தோட சேத்துத்தான் தூக்கிக்கினு போவணும் சார்" என்றார் டீக்கடைக்காரர்.

செவ்வாய் காலை சங்கிலியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். வண்டிச் சாவியை அவரிடம் கொடுத்தேன். பிளக்கையும் ஒரு தாளில் மடித்து, மேலே நேரம் எழுதி, கொடுத்தேன். ஏழு பத்து. மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது சுவரடியில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"அரிசி ஆலைக்குத் தள்ளிட்டீங்களா?"

அவர் முகம் மாறியது. "நீங்கதான சார் ஆள் அனுப்புனீங்க? உங்க மச்சான்னு சொன்னாரே. மாட்டு டாக்டர் அவசரமா வண்டி கேக்குறார்னு..."

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. அக்கா தங்கையும் கிடையாது. மச்சான் எங்கேயிருந்து வருவான்?"

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. "பிளக் உங்ககிட்டதானே இருக்கு?"

"நானே மாட்டிக் குடுத்தேன் சார்" என்றார்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்று அவர்களுக்கு இருந்த வேலையில் என் மனு எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை.

வண்டி போனதைவிட எனக்கு வேறொன்று பெரிதாக இருந்தது. கரியாலூர் முகாமை நிறுத்திவிடலாம் என்று என் மேலதிகாரி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மாட்டுக்காக மலைவரை போவானேன், தேவைப்பட்டால் மாட்டைக் கீழே ஓட்டி வரட்டும் என்பது அவர் கட்சி. சொந்த வண்டி இருக்கிறது, நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லித்தான் நான்கு வருடம் அதை நடத்திவந்தேன். வண்டி இல்லையென்றால் என் பேச்சுக்கு மதிப்பில்லை. ஒரு வியாழன் தவறிவிட்டால் அதையே காரணம் காட்டுவார். அதோடு, அங்கே ஓர் உழவு மாட்டுக்கு இன்னொரு மாடு முட்டி விலாவில் பிளந்த காயத்துக்கு நான் தையல் போட்டிருந்தேன். இந்த வியாழன் பதினாலாம் நாள். பிரிக்க வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

புதன் மாலை டீக்கடைக்காரரிடம் சைக்கிளை இரவல் கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"கரியாலூர் போகணும். அடிவாரம் வரைக்கும் சைக்கிள், அப்புறம் நடை."

"உங்களுக்கு சைக்கிள் ஓட்டிப் பழக்கம் விட்டுப்போச்சு. பின்னாடி உக்காருங்க. நான் மிதிக்கிறேன்."

"உங்க உடம்புக்கு..."

"சார், அந்தப் பிளக்க மாட்டுனது இந்தக் கைதான். காலாவது ஒழுங்கா ஒழைக்கட்டும்."

வியாழன் விடியற்காலை கிளம்பினோம். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியபோது அவர் சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. மேட்டில் இருவரும் இறங்கித் தள்ளினோம். அடிவாரத்தில் ஒரு பெட்டிக்கடை. சைக்கிளை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவர் நாலு அடி போனார், திரும்பிப் பார்த்தார். மறுபடி நாலு அடி போனார், நின்றார்.

"சார், அந்த நாய் சங்கிலி கைவசம் இருக்கா?"

இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது, கைப்பழக்கம். சைக்கிளைக் கடையின் பந்தல்கால் ஒன்றோடு சேர்த்து அவரே பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன்.

சாலை வளைந்து வளைந்து ஏறும் இடங்களில் நாங்கள் ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏறினோம். அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வழக்கமாகப் பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். பத்து மணி ஆனபோது பாதி மலைகூட ஏறவில்லை.

நான் தையல் போட்டிருந்த மாட்டுக்காரர் வீடு ஊருக்குச் சற்று முன்னால், சாலையோரம். முற்றத்தில் ஒரு பலா மரம். டீக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பலா மரத்தடியில் என் வண்டி நின்றது. உழவு மாட்டுக் கயிறு மூன்றால் மரத்தோடு கட்டியிருந்தார்கள். சுற்றிலும், ஆடு வாய் வைக்காமலிருக்க இளஞ்செடிக்கு வைப்பதுபோல, முள் வெட்டி வைத்திருந்தார்கள். சீட்டின் மேல் ஒரு கோணிச்சாக்கு. வேலிக்குப் பக்கத்தில் மாட்டுக்காரரின் மனைவி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். ஆச்சரியம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"வந்துட்டாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மாட்டுக்காரர் வெளியே வந்தார். என்ன நடந்தது என்று அவரும் மனைவியும் மாறி மாறிச் சொன்னார்கள். செவ்வாய் மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டிருக்கிறது. என் வண்டிதான் என்று சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது, ஆனால் கிழமை ஒத்துவரவில்லை. வீட்டுக்கு நேராக வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துபோயிருக்க வேண்டும். பங்க் மூடியிருந்ததால் டேங்கில் கொஞ்சம்தான் இருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"நான் தள்ளிவிடலாம்னுதான் போனேன்" என்றார் மாட்டுக்காரர். "டாக்டர் எங்கன்னு கேட்டேன். அவரு ஊர்ல இருக்காரு, மாடு பாக்க என்ன அனுப்புனாருன்னான். எந்த மாடுன்னேன். எல்லா மாடுந்தான்னான்."

"நான் பொட்டியப் பாத்தேன்" என்றார் அவர் மனைவி. அவர் மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். "ஏய்யா, செவ்வாக்கெழம களமருதூருனு போட்டிருக்குது, நீ இங்க இன்னா பண்றேன்னு கேட்டேன். அவன் எந்தப் பொட்டின்னான். ஒம் பின்னாடி இருக்குதே அந்தப் பொட்டின்னேன். அப்பத்தான் திரும்பிப் பாக்குறான். அதுவரைக்கும் பாக்கவே இல்ல!"

"மச்சான்னு சொன்னானா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"சொன்னான், சொன்னான். டாக்டருக்கு ஏது மச்சான்? மொத நாள் வந்தப்பவே நான் எல்லாம் கேட்டு வச்சிருக்கேன். பொண்ணு பாக்கணும்னா விசாரிக்க வேணாமா?"

டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தன் கடையில் நான்கு வருடம் டீ குடித்தவனைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று, வாரம் ஒரு நாள் பார்க்கும் இந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

அக்கம்பக்கத்து நிலத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள். வந்தவரெல்லாம் அவனிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: இன்றைக்கு என்ன கிழமை? ஐந்தாவது ஆள் கேட்டபோது அவன் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டுச் சரிவில் இறங்கி ஓடிவிட்டான். யாரும் துரத்தவில்லை. வண்டி விழாமல் பிடிப்பதில் எல்லோரும் இருந்தார்களாம்.

"ரெண்டு நாளா யாராவது ஒருத்தர் பக்கத்துலயேதான் இருக்கோம்" என்றார் மாட்டுக்காரர். "ராத்திரிக்கு நான் கட்டில இங்கயே போட்டுக்கினேன்."

"கீழே ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "நான் செவ்வாயிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லை."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எதுக்கு ஆள் அனுப்பணும்? வியாழக்கெழம நீங்களே வருவீங்களே."

நான்கு வருடமாக, மழையிலும் காய்ச்சலிலும், ஒருமுறை கை எலும்பு விலகிக் கட்டுப்போட்டிருந்தபோதும், வியாழன் தவறாமல் அந்த மலை ஏறினேன். அதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை; நான் மட்டுமே நாட்குறிப்பில் எண்ணிக்கொண்டிருந்தேன். பெருமைப்பட்டேன். அடக்கமாக எழுதுவதுதான் நாகரிகம் என்று தெரியும், ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று வைத்துக்கொண்ட பிறகு இதை மட்டும் மறைப்பானேன்.

மாட்டைப் பிடிக்கச் சொன்னேன். டீக்கடைக்காரர் தானாக முன்வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. தையலைப் பிரித்து, மருந்து தடவி, இன்னும் ஒரு வாரம் நுகம் வைக்க வேண்டாம் என்றேன். பிறகு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. டேங்கில் சொட்டு பெட்ரோலும் இல்லை.

முள்ளை விலக்கிக் கயிற்றை அவிழ்த்தோம். கிளட்சைப் பிடித்து, எஞ்சின் இல்லாமலே, இருவரும் உட்கார்ந்து மலையிறங்கினோம். அவ்வளவு அமைதியாக நான் அந்தச் சாலையில் போனதே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்தவர் என் இடுப்பை இறுக்கிப் பிடித்தார். அடிவாரத்துப் பெட்டிக்கடையில் சைக்கிள் பூட்டியபடியே இருந்தது. கடைக்காரர் ஒரு பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருந்தார்.

கரியாலூர் முகாமை அதன்பிறகு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் இந்தக் கதையை என் மேலதிகாரியின் காதுவரை கொண்டுபோய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது. தெருவில் சங்கிலி போடுவதை நான் விடவில்லை. எதிர்க்கடையிலிருந்து கேலி மட்டும் வரவில்லை. சில நாட்களில் அவரே வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது மாட்டுக்காரரின் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"பத்து மணிக்கு வர்றவரு, இன்னிக்குப் பன்னெண்டு ஆச்சு. மாட்ட மேய்ச்சலுக்கு வுடாம காலையிலேர்ந்து காத்துக்கினு இருந்தாரு இவரு. அடுத்த வாரம் நேரத்துக்கு வாங்க."

நீல அட்டை நாட்குறிப்பில் அந்த வியாழனுக்கு நேரே இருப்பது இவ்வளவுதான்: கரியாலூர். தையல் பிரித்தது. வண்டி கிடைத்தது. தாமதம், இரண்டு மணி நேரம்.