டெல்மர் போட்ட தளங்கள்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் கிழக்குச் சமவெளியில் ரோஸ்டல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வீட்டுக்கு நிலவறை தோண்ட வேண்டுமென்றால் டெல்மர் கிராஸைத்தான் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வருடம் கான்கிரீட் வேலை பார்த்தவர். ஊரிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலுமாக அறுபத்தொரு வீடுகளுக்கு அவர்தான் நிலவறைத் தளம் போட்டார். கரணையால் அவர் தேய்த்துவிட்ட தளத்தில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். முழங்கால் இரண்டும் கெட்டுப்போன பிறகுதான் வேலையை விட்டார்.

அவருடைய அறுபத்தெட்டாவது வயதில், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டச் சுகாதாரச் செவிலி ஜோலீன், மேசையில் சின்னச் சின்ன உறைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றாள். ரேடான் பரிசோதனைப் பொட்டலங்கள். மண்ணிலிருந்து கிளம்பும் ஒரு வாயு, நிறமும் கிடையாது மணமும் கிடையாது, வீட்டுக்குள் சேர்ந்தால் வருடக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும் என்று விளக்கினாள்.

டெல்மர் சிரித்தார். "ஏம்மா ஜோலீன், நான் போட்ட தளத்துல எறும்புகூட நுழையாது. காத்து எங்கேருந்து நுழையும்?"

"எறும்பு நுழையாத இடத்துலயும் இது நுழையும், டெல்மர். ஒரு தடவை மாட்டித்தான் பாருங்களேன்."

"வேற வேலை இல்லையா உனக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் கூகன் என்ற ஜெர்மன் கேக் இருந்த பக்கம் நகர்ந்துவிட்டார். அவர் மனைவி ஆர்டிஸ் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தினமும் நாலைந்து மணி நேரம் நிலவறையில் உட்கார்ந்து போர்வை தைப்பவள் அவள்தான்.

நான்கு நாள் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ரேடான் அளவு நான்கைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும் என்று காகிதத்தில் அச்சிட்டிருந்தது. அவர்கள் வீட்டுக்கு வந்த கணக்கு இருபத்திரண்டு.

"தப்பா எழுதியிருக்கான்," என்றார் டெல்மர். இன்னொன்று வாங்கி அவரே மாட்டினார். ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கிறதா என்று வேளைக்கு ஒரு தடவை பார்த்தார். இந்தத் தடவை இருபத்துநாலு.

கைவிளக்கோடு நிலவறைக்கு இறங்கி, குனிந்து குனிந்து தளத்தைச் சுற்றி வந்தார். சுவரும் தளமும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல ஓர் இடைவெளி. ஊற்றுநீர் சேரும் குழி மூடியில்லாமல் வாயைத் திறந்து கிடந்தது. அந்தக் குழியை அவர்தான் அப்படி விட்டார். அறுபத்தொரு வீட்டிலும் அப்படித்தான் விட்டார். அந்தக் காலத்தில் யாருக்கும் இது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன யோசனை?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"ஆரின் வீட்டை நெனச்சேன்."

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தத் தளமும் டெல்மர் போட்டதுதான். ஆரின் வெபெர்க்கின் மனைவி பில்லிஸ் நான்கு வருடம் முன்பு நுரையீரல் புற்றுநோயில் போனவள். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. நிலவறையிலேயே அடுப்பு வைத்து ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொடுத்தவள்.

"அவர்கிட்ட நீ சொல்லித்தான் ஆகணும்," என்றாள் ஆர்டிஸ். "வேற யார் வாயாலயாவது கேட்டா நல்லாருக்காது."

மறுநாள் காலையில் டெல்மர் போனார். ஆரின் கொட்டிலில் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். குழியை மூடாமல் விட்டதையும் வாயுவைத் திரட்டி வெளியேற்ற உதவும் ஜல்லியைத் தளத்துக்கு அடியில் பரப்பாததையும் சொன்னார்.

ஆரின் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "அதனாலதான் பில்லிஸ் போனாளா?"

"தெரியாது ஆரின். யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதாம். ஜோலீன்கிட்ட கேட்டுட்டேன்."

"இதைச் சொல்லவா இவ்வளவு குளிர்ல வந்தே?"

"சொல்லிட்டு, தளத்துல ஓட்டை போட்டுக் குழாய் இறக்கிச் சரிபண்ணித் தரட்டுமான்னு கேக்க வந்தேன்."

ஆரின் துணியை வீசிவிட்டு நிமிர்ந்தார். "வசந்தத்துல மகன் இங்கேயே குடிவரான். மருமகளுக்கு மே மாசம் பிள்ளை பிறக்குது. நிலவறை ரூமைத்தான் அவங்களுக்குக் குடுக்கறதா இருந்தேன்." வீட்டுப் பக்கம் நடந்தார். "சரி, உள்ள வா. எங்க ஓட்டை போடுவேன்னு காட்டு."

ஆனால் டெல்மருக்கே அந்த வேலை தெரியாது. மார்ச்சில் நகரத்துக்குப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தார். கூட இருந்தவர்கள் அவருக்குப் பேரன் வயதுப் பையன்கள். முதல் தேர்வில் தோற்றார். ஆர்டிஸ் சமையலறையில் கேள்வி கேட்டுக் கேட்டு உருப்போட வைத்தாள். இரண்டாவது தடவை தேறினார்.

முதலில் தன் வீட்டில் செய்து பார்த்தார். அடுத்தது ஆரின் வீடு. தளத்தைத் துளைத்து, அடியில் ஒரு வாளி மண்ணைத் தோண்டியெடுத்து, குழாயை இறக்கி, அதைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விசிறி வைத்தார். மண்ணுக்கடியிலுள்ள காற்றை விசிறி இழுத்து வெளியே தள்ளிவிடும். விரிசல்களை அடைத்தார். குழிக்கு மூடி போட்டார்.

"நீ போட்ட தளத்தை நீயே ஒடைக்கறியே, வயிறு எரியலையா?" என்றார் ஆரின்.

"எரியுது. விளக்கை ஆட்டாம பிடி."

குழந்தை பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு ஆய்வகத்திலிருந்து காகிதம் வந்தது. வேலைக்கு முன் பதினெட்டாக இருந்த ஆரின் வீட்டுக் கணக்கு ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. ஆரின் அதைப் படித்துவிட்டுப் பில்லிஸின் ரொட்டி அடுப்பின் மேல் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, "அடுத்து யார் வீடு?" என்றார். அதற்குப் பிறகு டெல்மர் போன வீட்டுக்கெல்லாம் அவரும் போனார். முழங்கால் மடக்கி உட்கார டெல்மரால் முடியவில்லை. ஆரினால் முடிந்தது.

எல்லோரும் கதவைத் திறந்துவிடவில்லை. பரிசோதனையே வேண்டாம் என்று சிலர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஊரைப் பயமுறுத்துகிறான் கிழவன் என்றார் ஒருவர். டெல்மர் சண்டை போடவில்லை. ஒரு பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தார். சில வாரம் கழித்து அதில் பாதிப் பேர் போன் செய்தார்கள்.

மூன்றாவது குளிர்காலம் வந்தபோது அறுபத்தொன்றில் நாற்பத்துநாலு வீடு முடிந்திருந்தது. தேவாலயத்துக் காப்பி மேசைக்குப் பின்னால் இப்போது ஜோலீனோடு டெல்மரும் நின்றார். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி உறையைப் புரட்டிப் பார்த்து, "நிஜமாவே தேவையா இது?" என்று கேட்டாள்.

"எந்த வீடு உன்னுது?" என்றார் டெல்மர்.

சொன்னாள்.

"அந்தத் தளத்தைப் போட்டவன் நான்தாம்மா. மாட்டிப் பாரு. எண்ணிக்கை அதிகமா வந்தா ஒரே நாள் வேலை, நானும் ஆரினும் வந்துடுவோம்."

அவள் இரண்டு உறைகளாக எடுத்துக்கொண்டாள். ஒன்று தன் அம்மா வீட்டுக்காம்.