திருப்பிச் சொன்னவர்

இது நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என் நினைவில் இருப்பதுதான் நடந்ததா என்று யாராவது கேட்டால் தடுமாறிப்போவேன். குறிப்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4.12 முதல் 5.00 வரை. அந்த நாற்பத்தெட்டு நிமிடமும் என் அறை அமைதியாக இருந்தது என்றுதான் எனக்கு நினைவு. பதிவு வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மருந்துப் பெட்டிகளில் அச்சாகும் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. நாள் முழுக்க எண்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. மனைவி பிரிந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சண்டையெல்லாம் இல்லை. "நீ பேசாம இருக்கறது, வீட்ல மூணாவதா ஒரு ஆள் உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். அடுத்த மாதம் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நிலாவுக்குப் போகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

கணினியில் ஓடும் சிமுலேட்டர் அது. அறுபதுகளின் இறுதியில் மனிதர்களை நிலாவுக்குக் கொண்டுபோன கப்பலை, ஒவ்வொரு சுவிட்சோடும் அப்படியே கட்டியிருந்தார்கள். விளையாட்டு என்று சொல்ல வாய் வராது. அந்தக் காலத்துக் கணினிக்கு வாக்கியம் புரியாது. வினைச்சொல்லுக்கு ஒரு எண், பெயர்ச்சொல்லுக்கு ஒரு எண் என்று தட்ட வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். பூமியிலிருந்து நிலாவுக்கு மூன்று நாள் என்றால் நிஜமாகவே மூன்று நாள். கணினியை ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போய் வருவேன்.

தரைக் கட்டுப்பாட்டில் ஒருவர் இருந்தால்தான் இது முழுமையாகும். எனக்குத் தரையாக இருந்தவர் கண்ட்ரோல் அண்ணன். வேறு ஊரில் இருந்தார். முப்பத்தைந்து வருடம் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் இரண்டே முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் வாரத்துக்கு ஒருவரோடு பேசினேன் என்றால் அது அவரோடுதான். அவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

கப்பலின் வேகத்தை மாற்ற எஞ்சினை இயக்குவதை எரிப்பு என்பார்கள். அதற்கு முன் தரையிலிருந்து எண்களைப் படிப்பார்கள். கிளம்பியதிலிருந்து கணக்கிடும் எரிப்பு நேரம், திசை, வேகம். கப்பலில் இருப்பவன் படிவத்தில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் தரை "சரி" என்று சொல்லும். அந்தச் 'சரி' வரும்வரை அது வெறும் எண். வந்த பிறகு அது உன்னுடையது.

அண்ணனுக்கு இது ரத்தத்தில் ஊறியிருந்தது. ரயில்வேயிலும் இதே பழக்கம்தான். எண்ணைக் காதில் வாங்கினால் திருப்பிச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கடைக்காரர் விலை சொன்னாலும் திருப்பிச் சொல்வார்.

"அது என்ன, எங்க கல்யாணத்தன்னிக்கே எங்கப்பா 'பொண்ண நல்லா பாத்துக்கங்க'ன்னாரு தம்பி" என்று அண்ணி ஒருமுறை சொன்னார். "இவரு, 'பொண்ண நல்லா பாத்துக்கணும், சரிதானே?'ன்னு கேட்டாரு. எங்கப்பா 'சரி'ன்னாரு. சபையே சிரிச்சுது."

கப்பல் நிலாவைச் சுற்றும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் பின்பக்கம் போகும். நிலா நடுவில் வந்துவிடுவதால் ரேடியோ அறுந்துவிடும். நாற்பத்தெட்டு நிமிடம் யாரோடும் பேச முடியாது. சிமுலேட்டரும் குரல் இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கு மேல் எங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தோம். அந்த நேரத்தில் கைப்பேசியை அணைத்துச் சமையலறையில் வைத்துவிட வேண்டும். நிஜமாகவே தனியாக இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் நான் மூன்று மாதம் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மற்ற நேரத்துத் தனிமைக்குக் காரணம் நான். இந்த நாற்பத்தெட்டு நிமிடத்துக்குக் காரணம் நிலா.

புதன்கிழமை மாலை 6.30க்குக் கிளம்பினோம். சனி இரவு நிலாவின் சுற்றுப்பாதை. ஞாயிறு இரவு 10.41க்கு வீடு திரும்பும் எரிப்பு.

ஞாயிறு மாலை 4.12. இணைப்பு அறுந்தது.

கப்பலில் ஒரு டேப் உண்டு. பின்பக்கம் போகும்போது அறைக்குள் கேட்பதையெல்லாம் பதிவு செய்துகொண்டு, வெளியே வந்ததும் தரைக்கு அனுப்பிவிடும். நிஜக் கப்பலிலும் அப்படித்தான். திரையின் ஓரத்தில் அந்த டேப்பின் முள் இருந்தது. சத்தம் இருந்தால் ஏறும். இல்லாவிட்டால் அடியில் கிடக்கும்.

மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

4.43க்கு முள் அசைந்தது.

என் மூச்சாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் ஏறும், இறங்கும். நிற்கும். மறுபடி ஏறும். மூச்சு அப்படி விட்டுவிட்டு வராது. யாரோ ஒவ்வொரு சொல்லாகப் படிப்பது போல இருந்தது அது.

மூச்சை அடக்கினேன்.

முள் அசைந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு சத்தமும் இல்லை...

முள் அசைந்துகொண்டே இருந்தது. 4.46 வரை. அப்புறம் அடியில் விழுந்து அப்படியே கிடந்தது.

5.00க்கு வெளியே வந்தேன். "தரை, கேக்குதா?"

"நல்லா கேக்குது தம்பி. டேப்பை அனுப்பு."

அனுப்பினேன். முள்ளைப் பற்றிச் சொல்லவில்லை. மைக் பழசு, கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 6.12க்கு மறுபடி பின்பக்கம். அந்த இடைவெளியில் அண்ணன் டேப்பைக் கேட்டிருக்கிறார். 7.00க்கு நான் வெளியே வந்தபோது, நான் கூப்பிடும் முன்னாலேயே அவர் குரல் வந்தது.

"தம்பி, வீட்ல யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே அண்ணே. யார் வரப்போறா?"

"டேப்புல ஒரு ஆளு நம்பர் படிக்கறாரு. முப்பத்தோராவது நிமிஷம்."

"...மென்பொருள்ல பழைய பதிவு ஏதாவது கலந்திருக்கும்."

"தமிழ்லயா?"

நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆம்பளக் குரல். களைச்சுப்போன குரல். டியூட்டி மாத்திவிட ஆளே வராம, விடிய விடிய உக்காந்திருக்கறவன் பேசுவான் பாரு, அப்படி. எரிப்பு நேரம் படிச்சுது. தொண்ணூத்தெட்டு மணி, பதினேழு நிமிஷம், நாப்பது செகண்டு. படிச்சுட்டு 'திருப்பிச் சொல்லுங்க'ன்னுது. நீ வாயே திறக்கல."

"எனக்கு எதுவும் கேக்கல அண்ணே."

"மூணு தடவை கேட்டுச்சு. கை சும்மா இருக்குமா, எழுதிட்டேன். எழுதினா வாய் சும்மா இருக்குமா..." லேசாகச் சிரித்தார். "திருப்பிச் சொல்லிட்டேன்."

"டேப்புக்கா?"

"டேப்புக்குத்தான். உங்க அண்ணி பாத்தா தலையில அடிச்சுக்குவா."

"அப்புறம்?"



"'சரி'ன்னுது தம்பி."

எங்கள் திட்டத்தில் அந்த நேரத்துக்கு எந்த எரிப்பும் இல்லை. புதன் மாலை 6.30லிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, அது இன்னைக்கு ராத்திரி எட்டு நாப்பத்தேழு."

"எட்டு நாப்பத்தேழு. அப்ப நீ பின்பக்கம் இருப்ப."

"இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமே."

"மூணு மாசம் படிச்சுட்டு, வீட்டுக்குத் திரும்பற நேரத்துல நிறுத்தறதா? போடா."

"போனையாவது ஆன்ல வச்சுக்கறேன்."

"போனை ஆன்ல வச்சுக்கறவன் எதுக்கு நிலாவுக்குப் பின்னாடி போகணும்?"

நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் நிறுத்த மனமில்லை. நிறுத்தினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு முழுசாக என் கையில் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

8.12. இணைப்பு அறுந்தது. கைப்பேசியை அணைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். விதி.

முள் அடியில் கிடந்தது. 8.20. 8.30. 8.40.

8.45. அடியில்.

8.46.

கண்ணை எடுக்காமல் பார்த்தேன்...

8.47. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பது.

முள் உச்சிக்குப் போய் நின்றது.

அறையில் சத்தமே இல்லை.

ஐந்து விநாடி அப்படியே நின்றது.

விழுந்தது.

9.00. "தரை, கேக்குதா?"

இரைச்சல்.

"தரை, கேக்குதா?"

9.01. 9.02.

"அண்ணே..."

9.04க்கு எழுந்துபோய்க் கைப்பேசியை இயக்கினேன். அண்ணி ஆறு முறை அழைத்ததாகத் தகவல்கள் வந்து விழுந்தன. முதல் அழைப்பு 8.49.

அண்ணனின் காரியங்கள் எல்லாம் முடிந்து, ஒரு வாரம் கழித்து அண்ணியைப் பார்க்கப் போனேன். மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னாராம். அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலியை அண்ணி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார். வெகு நேரம் இருவரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானதுதான். அவருக்கு அது புதிது.

பிறகு அவராகவே சொன்னார்.

"நான் தண்ணி எடுத்துட்டு வந்தேன் தம்பி. காதுல அத மாட்டிக்கிட்டு நிமிர்ந்து உக்காந்திருந்தாரு. திடீர்னு சத்தமா, 'சார்ஜ் எடுத்துக்கிட்டேன்'னாரு. வேலையில இருந்தப்ப ஷிப்ட் மாறுனா போன்ல அப்படித்தான் சொல்லுவாரு. ஓய்வு பெத்து ஒன்பது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல."

"அப்புறம் அண்ணி?"

"அப்படியே சாஞ்சுட்டாரு. எதிர்ல கடிகாரம். எட்டு நாப்பத்தேழு."

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவைத் திறந்தேன். மாலை 4.12க்குத் தொடங்கும் பதிவு. அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. கோப்பில் இருந்தது பழைய தேதிதான். அதற்குப் பிறகு யாரும் அதைத் திருத்தியதற்கான அடையாளம் இல்லை.

முப்பது நிமிடம் என் மூச்சு மட்டும்.

முப்பத்தோராவது நிமிடம் ஒரு குரல் எண்களைப் படித்தது.

அண்ணன் சொன்ன அந்தக் களைத்துப்போன ஆளின் குரல் இல்லை.

கண்ட்ரோல் அண்ணனின் குரல்.

வேறு எண்கள். நிதானமாக, ஒவ்வொன்றாக. படித்துவிட்டு, "திருப்பிச் சொல்லு தம்பி" என்றது. காத்திருந்தது. மறுபடி கேட்டது. மூன்றாவது முறை கேட்டபோது என் கையில் பென்சில் இருந்தது. நான் அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

பென்சிலைக் கீழே போட்டேன்.

அந்த எண்களை இங்கே எழுத மாட்டேன். முதலில் சொன்ன எண்களை எழுதியதற்குக் காரணம், அவை முடிந்துபோனவை. புதியவை அப்படி இல்லை. படிக்கும்போது உதடு அசைபவர்கள் உண்டு.

அண்ணி இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார். என் மனைவி வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை கைப்பேசியில் விசாரிப்பாள். கப்பலை நான் திருப்பவில்லை. கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அது நிலாவுக்குப் பின்னால் போய் வருகிறது. நான் அதே வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்தப் பதிவைக் கேட்கிறேன். எனக்குப் பேச வேறு ஆள் இல்லை. அண்ணனின் குரல் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துக்கொண்டு வருகிறது.

நான் இன்னும் திருப்பிச் சொல்லவில்லை.