பிணத்துக்கு மனைவியாக நடித்தது

டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் மையம் இருக்கிறது. முதியோர் இல்லம் இல்லை. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். செவ்வாய்க்கிழமை ஓவியம், வியாழக்கிழமை பாட்டு, சனிக்கிழமை நாடகம். என் கணவர் மூன்றிலும் சேர்ந்தார். ஓவிய வகுப்பில் ஹௌரா பாலத்தை வரைந்தார். யானை நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் அவர் விடவில்லை, வாங்கிக்கொண்டார்.

நான் எதிலும் சேரவில்லை. அவருக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து அவரைத் தனியாக எங்கும் அனுப்புவதில்லை. அதனால் கூடவே போய், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். எதிரே இருக்கும் அதிகாரி, யாரோ ஒருவரை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தைச் சொல்லுவார். அடுத்ததாகத் தன் மச்சினன் பையனின் கல்யாணத்துக்கு வாழ்த்துக் கடிதம் சொல்லுவார். இரண்டையும் ஒரே முகத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். ரிடையர் ஆனபோது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன், அந்த முகத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. கல்யாண வீட்டிலும் எனக்கு அதுதான், துக்க வீட்டிலும் அதுதான்.

மாரடைப்பு வந்தது போன வருஷம், துர்கா பூஜை முடிந்த வாரம். வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். டிகாக்ஷன் போட்டேன், பால் காய்ச்சினேன், துளசிக்குத் தண்ணீர் விட்டேன். அவர் எழுந்து வரவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கிடக்கிறார். ஐந்து மணியிலிருந்தே வலி, குரல் எழும்பவில்லை. ஒன்றரை மணி நேரம் பத்தடி தூரத்தில் நான் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், கேஸை மூடினேன், மெடிக்கல் ஃபைலை எடுத்துக்கொண்டேன், நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். பவானிபூரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவள் அழுத அழுகையில் நர்ஸ் நோயாளியை விட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்கு நினைவு திரும்பியதும் அவள் முதலில் சொன்னது இதைத்தான்:

"அண்ணா, மன்னி கண்ணுலேர்ந்து ஒரு சொட்டு வரலை."

அவர் என்னைப் பார்த்தார். "நீ அழலையாமே?"

"நேரமில்லே" என்றேன்.

அதை அவர் ஒரு ஜோக்காக ஆக்கிக்கொண்டார். டாக்டரிடம் சொன்னார், மாடிவீட்டுக்காரர்களிடம் சொன்னார், முதியோர் மையத்தில் சேர்ந்த முதல் நாளே வங்காளியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருநாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்காமல் கேட்டார்: "நெஜமாவே உனக்கு ஒண்ணும் தோணலையா?"

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஐந்து மணிக்குக் கண் விழித்ததும் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மூச்சு விரலில் படுகிற வரைக்கும் அங்கிருந்து நகர மாட்டேன். அவருக்கு அது தெரியாது, நன்றாகத் தூங்குவார். அதற்குப் பதில் "பட்டாணி ஆச்சா?" என்று கேட்டேன். அவர் பாத்திரத்தை நகர்த்தினார். அவர் மனதில் என்மேல் ஒரு குறை இருந்தது, அதை ஜோக்கால் மூடி வைத்திருந்தார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நாடக வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். நாடகத்தையும் அவரே எழுதியிருந்தார். ஒரு கிழவர் முதல் காட்சியிலேயே செத்துப்போகிறார். மீதி நேரம் முழுவதும் அவருடைய சாய்வு நாற்காலி யாருக்கு என்று உறவினர்கள் சண்டை போடுகிறார்கள். என் கணவருக்கு முதலில் ஒரு மருமகன் வேஷம் கொடுத்தார். கொடுத்த வசனத்தை இவர் மறந்தார், கொடுக்காத வசனத்தைக் கால் மணி நேரம் பேசினார். மூன்றாவது வாரம் பேராசிரியர் இவரைப் பிணமாக மாற்றிவிட்டார்.

இவருக்கு ஏக சந்தோஷம். "கதையே என்னைச் சுத்தித்தான்" என்றார். ஒரே ஒரு சிக்கல், தொந்தி. மூச்சு விட்டால் அது ஏறி இறங்குவது கடைசி வரிசைவரை தெரிந்தது. மற்ற நேரம் முன்னால் ஆட்கள் நின்று மறைத்துக்கொள்வார்கள், மனைவி வந்து அழும்போது மட்டும் முப்பது எண்ணும்வரை மூச்சை அடக்கினால் போதும் என்றார் பேராசிரியர். இவர் கூடத்துப் பாயில் மல்லாந்து படுத்துப் பயிற்சி எடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வலித்தால் விட்டுவிடச் சொல்லுங்கள் என்றார்.

மனைவியாக நடிக்கவிருந்த அம்மாள், ஒரு தபாலாபீஸில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், நன்றாகவே அழுவார். மேடையேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மகளின் பிரசவத்துக்காகப் புனே போய்விட்டார். பேராசிரியர் கடைசி வரிசைக்கு வந்தார்.

"பௌதி, எல்லா ஒத்திகையையும் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். வசனமே கிடையாது. அழ வேண்டும், அவ்வளவுதான்" என்றார் வங்காளியில். அண்ணிக்கு இங்கே பௌதி என்பார்கள். இந்த ஊரில் நான் பாதிப் பேருக்கு பௌதி.

முடியாது என்றேன். நாத்தனார் விஷயம் கேள்விப்பட்டு ஃபோனிலேயே கத்தினாள்: "புருஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கறச்சே அவன் செத்தா மாதிரி வேஷம் கட்டுவாளா யாராவது? நான் வந்து பாக்க மாட்டேன்." எனக்கும் மனசு ஒப்பவில்லை. இவர்தான், "நான் செத்தே காட்டறேன், நீ அழுது காட்ட மாட்டியா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஒத்திகைக்குப் போனேன்.

அழுகை வரவில்லை. "ஏக்டு காந்துன், பௌதி" என்று பேராசிரியர் கெஞ்சினார், கொஞ்சம் அழுங்கள் என்று. சோகமான எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னார். நினைத்தேன். முகத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் மேக்கப் வேலை பார்த்த உறுப்பினர் ஒருவர் கிளிசரின் கொண்டுவந்து தடவினார். கண் எரிந்தது, சிவந்தது. கணவனை இழந்தவர் மாதிரி இல்லை, கண்வலி வந்தவர் மாதிரி இருக்கிறது என்றார் பேராசிரியர். கடைசியில், புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினால் போதும் என்று முடிவாயிற்று. கட்டிலில் கிடந்த பிணம் கண்ணைத் திறக்காமல், "ஆஸ்பத்திரியிலேயே வராதது இங்கேயா வரப்போகிறது?" என்றது வங்காளியில். எல்லோரும் சிரித்தார்கள்.

மேடையேற்றம் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து கிளப்பின் கூடத்தில். மகன்கள், மருமகள்கள், எதிர் மருந்துக்கடைக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் இருவரைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. விளக்கு பட்டுப் பளபளக்கிறது என்று என் மூக்குக்கண்ணாடியைப் பேராசிரியர் வாங்கி வைத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. நாலடி நடந்தால் கட்டில். கண்ணாடி இல்லாததால் கூட்டம் தெரியவில்லை, உறவினர்களாக நடித்தவர்களும் தெரியவில்லை. கட்டிலில் இவர் மட்டும் தெரிந்தார். சால்வையை மார்புவரை போர்த்திக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்து, தினமும் ஐந்து மணிக்கு எப்படிக் கிடப்பாரோ அப்படியே கிடந்தார். தலைப்பை எடுத்து முகத்தை மூட வேண்டிய கை நேரே அவர் மூக்கருகே போயிற்று.

மூச்சு இல்லை.

சிலநாள் கொஞ்சம் தாமதமாக வரும். காத்திருந்தேன். வரவில்லை. இது நாடகம் என்பது எனக்குத் தெரியும், இவர் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுகிறார் என்பதும் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. விரலில் காற்று படவில்லை, எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

"ஏன்னா" என்றேன். தோளை உலுக்கினேன். "ஏன்னா, எழுந்திருங்கோ."

எழுந்திருக்கவில்லை. பின்னால் அவர் சொல்லித்தான் தெரியும்: கடைசியில் நான் நன்றாக அழ ஆரம்பித்துவிட்டேன், கெடுக்கக் கூடாது என்று முப்பதைத் தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அழுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஏதோ சத்தம் கேட்டது, அது என் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு அஞ்சு மணிக்கே வந்து பாத்திருக்கணும். பாக்கலை. தூங்கறேள்னு விட்டுட்டேன். இன்னிக்கும் விட்டுட்டேனா? ஏன்னா, இன்னிக்கும் விட்டுட்டேனா?"

மூச்சு நின்றால் செய்யச் சொல்லி டிஸ்சார்ஜ் அன்றைக்கு நர்ஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவர் நெஞ்சின்மேல் வைத்தேன். அமுக்குவதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இருக்கேன்டி. இருக்கேன். இதோ பாரு."

சாய்வு நாற்காலிக்காகச் சண்டை போட வேண்டிய உறவினர்கள் சண்டை போட முடியாமல் நின்றார்கள், நாற்காலிக்குச் சொந்தக்காரர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். மருமகளாக நடித்தவர் தன் வசனத்தை எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. இருபது நிமிஷம் முன்னதாக முடிந்துவிட்டதால், கடைசியில் கொடுப்பதற்காகப் பொரித்திருந்த வெஜிடபிள் சாப் சூடாகவே கிடைத்தது.

மருந்துக்கடைக்காரர் வந்து, தமிழில் அழுதது பிரமாதம், ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும் புரிந்தது என்றார். பேராசிரியர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "பௌதி, அந்த மூக்கில் விரல் வைத்தது நான் சொல்லித் தராதது. அடுத்த தடவையும் வைத்துக்கொள்வோம்" என்றார். அடுத்த தடவைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

வீட்டுக்கு நடந்தோம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் இவர் இரண்டு தெரு பேசாமல் நடந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்.

"மூக்குல எதுக்குக் கை வெச்சே?"

"பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"கார்த்தால அஞ்சு மணிக்கு வெச்சுப் பாப்பேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து."

"தினமுமா?"

"லீவெல்லாம் கிடையாது."

அவர் கழற்றிய செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதை வாங்கி ஓரமாக வைத்தேன். சாயங்காலம் நாத்தனார் ஃபோன் பண்ணி எப்படி நடந்தது என்று கேட்டாள். நன்றாக நடந்தது என்று மட்டும் சொன்னார். நான் அழுததைச் சொல்லவில்லை. அந்த ஜோக்கை அதன்பிறகு அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. இவர் மல்லாந்து படுத்திருந்தார், கண் மூடியிருந்தது. கையை நீட்டினேன். விரல் பக்கத்தில் போவதற்கு முன்பே புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டார். தூங்குகிறவர் யாரும் அப்படி விடமாட்டார்கள்.

நான் கையை எடுக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே இன்னொன்று விட்டார்.